பாப் ஸ்மோக்: பத்து மாதப் பயணமும் ஒரு தள்ளிப் போன அடியும்

அவையோருக்கு வணக்கம்.

பாப் ஸ்மோக் என்றதும் இங்கே உள்ள இளையவர்கள் தலையாட்டுகிறீர்கள். பெரியவர்கள், யாரப்பா அது என்று பக்கத்தில் கேட்கிறீர்கள். முதலில் பெரியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இயற்பெயர் பஷார் பராக்கா ஜாக்சன். 1999 ஜூலை 20 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அங்கே கனார்சி என்ற பகுதியில் வளர்ந்தார். தாய் வழி ஜமைக்கா, தந்தை வழி பனாமா. 2019 ஏப்ரலில் ஒரு பாட்டு வெளியிட்டார். 2020 பிப்ரவரி 19 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 20. ஊர் அறிந்த கலைஞராக அவர் வாழ்ந்தது பத்து மாதம்கூட முழுதாக இல்லை.

அவர் பாடியது டிரில் என்ற ராப் வகை. துப்பாக்கி, தெருச் சண்டை, எதிராளியைப் பெயர் சொல்லி இழுப்பது என்று முகத்தில் அறைகிற வகை. அதனால் அவர் இறந்ததும், 'டிரில் பாடினான், டிரில்லே கொன்றது' என்று பலர் கணக்கை முடித்துவிட்டார்கள். அந்தக் கணக்குத் தவறு என்பது என் கட்சி. அதற்கு முதலில் அவருடைய இசை எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

டிரில் பிறந்தது சிகாகோவின் தெற்குப் பகுதியில், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில். 2012-இல் சீஃப் கீஃப் என்ற பதின்வயதுப் பையன் அதை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனான். அங்கே வேகம் மந்தம். நிமிடத்துக்கு 60 முதல் 70 அடி. இணையம் வழியாக அது தெற்கு லண்டனுக்கு, பிரிக்ஸ்டன் பையன்களிடம் போனது. லண்டன்காரர்களிடம் ஏற்கெனவே கிரைம் (grime) என்ற 140 அடி வேக இசை இருந்தது. இரண்டும் கலந்ததில் சிகாகோவுக்கே அடையாளம் தெரியாத ஒரு தாளம் பிறந்தது.

அதைக் கையால் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 140 அடி. ஓர் அடிக்கு இரண்டு எண், ஒரு சுற்றுக்கு 8 எண். ஹைஹாட், அதாவது டிரம்ஸில் உள்ள சிறு இரட்டைத் தட்டுச் சிம்பல், அந்த எட்டை 3, 3, 2 என்று பிரிக்கும். மிருதங்கம் பழகியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: தகிட, தகிட, தக. இனி இரண்டு சுற்றைச் சேர்த்து 16 எண்ணுங்கள். டிராப் (trap) என்ற வழக்கமான ராப் இசையில் ஸ்னேர், அதாவது 'டப்' என்று வெட்டி விழும் டிரம், 5-ஆவது எண்ணிலும் 13-ஆவது எண்ணிலும் விழும். இரண்டுக்கும் நடுவே சரியாக எட்டு எண். டிரில்லில் முதல் ஸ்னேர் அதே 5-இல்தான். இரண்டாவது 13-இல் வராது, 15-இல் வரும். இரண்டு எண் தாமதம், நேரத்தில் சொன்னால் அரை நொடிக்கும் சற்றுக் குறைவு. காது 13-இல் அடியை எதிர்பார்த்து ஏமாறுகிறது. 15-இல் அடி விழுந்த கையோடு அடுத்த சுற்று வந்துவிடுகிறது. டிரில் கேட்கும்போது உடம்பு முன்னால் தள்ளாடுவதற்கு அந்த அரை நொடிதான் காரணம்.

அடுத்தது பேஸ், அதாவது தாழ்ந்த கனத்த ஒலி. 1980-இல் ரோலண்டு நிறுவனம் டிஆர்-808 என்றொரு தாளப் பெட்டியை வெளியிட்டது. விற்பனை எடுபடவில்லை, சில ஆண்டுகளில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதன் நீண்டு முழங்கும் பேஸ் டிரம் மட்டும் சாகவில்லை. இன்று கணினியில் அதன் பதிவை எடுத்து ஒரு வாத்தியம் போலச் சுரம் வைத்து வாசிக்கிறார்கள். டிரில்லில் அது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாது, வழுக்கிப் போகும். நம் காதுக்குக் கமகம் போலப் பட்டாலும் வேலை வேறு; இங்கே அது ஸ்னேர் இல்லாத இடைவெளியை அடைக்கிறது.

செய்முறை தெரிய வேண்டிய தம்பிகளுக்கு: எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில் முதல் சுரத்தை நீளமாகப் போட்டு, அதன் வால்பகுதியின் மேல் 'ஸ்லைடு' குறியிட்ட சுரத்தை வைக்க வேண்டும். அந்த இரண்டாவது சுரத்தின் நீளம்தான் வழுக்கலின் வேகம். 5, 7, 12 அரைச்சுர இடைவெளிகள் பொதுவாக எடுபடும். கெடுவது மூன்று இடத்தில். எடுத்த 808 பதிவின் மூலச் சுருதியைப் பார்க்காமல் போட்டால், பாட்டு ஒரு சுருதியிலும் பேஸ் இன்னொன்றிலும் போகும். ஒரு சுரம் தொடங்கும்போது முந்தைய சுரம் நிற்கும்படி அமைக்காவிட்டால் அடியில் வெறும் உறுமல்தான் மிஞ்சும். மூன்றாவது, கைபேசி. 808-இன் அடிநாதம் பெரும்பாலும் 40 முதல் 60 ஹெர்ட்ஸ். கைபேசி ஒலிபெருக்கியில் அது வரவே வராது. கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைப்பது) சேர்த்து மேல் அலைகளை உண்டாக்கினால்தான் பேஸ் இருப்பதே அங்கே தெரியும்.

இந்தத் தாளம் லண்டனிலிருந்து புரூக்ளினுக்கு வந்ததும் இணையத்தில்தான். ஏஎக்ஸ்எல் பீட்ஸ், 808மெலோ போன்ற லண்டன் இளைஞர்கள் தங்கள் பீட்டுகளை, அதாவது குரல் இல்லாத பின்னணி இசையை, யூடியூபில் போட்டு வைத்தார்கள். புரூக்ளின் பையன்கள் தேடி எடுத்துப் பாடினார்கள். 22ஜிஸ், ஷெஃப் ஜி ஆகியோர் முன்னே போனவர்கள். ஆகவே புரூக்ளின் டிரில்லைத் தொடங்கியவர் பாப் ஸ்மோக் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 808மெலோவின் பீட்டுகளை அவரும் யூடியூபில்தான் கண்டெடுத்தார். பிறகு இருவரும் நேரடியாகவே சேர்ந்து வேலை செய்தார்கள்.

அப்படியானால் அவர் கொண்டுவந்தது என்ன? குரல். கரகரப்பான, அடிவயிற்றுக் குரல். இருபது வயதுப் பையனுடையது என்று நம்ப முடியாது. சிறுவயதில் தேவாலயத்தில் ஆப்பிரிக்க முரசு வாசித்தவர், அதனால் எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். லண்டன் டிரில் பாடகர்கள் சொற்களை அடுக்கி நெருக்குவார்கள். இவர் குறைவாகப் பாடி, இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் 'வூ' என்றோ ஓர் உறுமலோ போடுவார். 808 வழுக்குவதற்கு இடம் கிடைக்கிறது. கனத்த குரலும் கனத்த பேஸும் மோதுவதுதான் இவ்வகைப் பதிவில் பெரிய தலைவலி. இவருடைய நல்ல பாடல்களில் இரண்டும் முறை வைத்துப் பேசிக்கொள்கின்றன.

கூடைப்பந்து ஆட ஒரு பள்ளியில் உதவித்தொகை கிடைத்து, இதயத்தில் முணுமுணுப்பு இருப்பது தெரிந்து அதைக் கைவிட வேண்டியதாயிற்று. 2018-இல்தான் பாட ஆரம்பிக்கிறார். 2019 ஏப்ரலில் 'வெல்கம் டு த பார்ட்டி'. அந்தக் கோடையில் நியூயார்க்கில் கார்களிலெல்லாம் அதுதான். ராப் பாடகர்களான நிக்கி மினாஜும் லண்டனின் ஸ்கெப்டாவும் அதன் மறுவடிவங்களில் பாடினார்கள். ஜூலை 26 அன்று 'மீட் த வூ' என்ற முதல் தொகுப்பு. ஒன்பதே பாட்டு; பெரும்பாலும் 808மெலோவின் பீட்டுகள். 'டியோர்' அதில்தான் இருக்கிறது.

அடுத்து வந்தது காவல்துறை. 2019 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ரோலிங் லவுட் இசைத் திருவிழாவிலிருந்து ஐந்து ராப் பாடகர்களை நீக்கச் சொல்லி நகரக் காவல்துறை கடிதம் எழுதியது. பட்டியலில் இவரும் இருந்தார், அமைப்பாளர்கள் நீக்கினார்கள். லண்டனில் இது ஏற்கெனவே பழகிய வழி. 2018-இல் அங்கே காவல்துறை கேட்டுக்கொண்டதால் யூடியூப் பல டிரில் காணொளிகளை எடுத்தது. 2019 ஜனவரியில் ஸ்கெங்டோ, ஏஎம் என்ற இருவருக்கு, தடையுத்தரவை மீறி ஒரு பாட்டைப் பாடியதற்காக, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தார்கள். பாப் ஸ்மோக்கின் கை முழுக்கச் சுத்தம் என்று நான் வாதாட வரவில்லை. திருடப்பட்ட ரோல்ஸ் ராய்ஸ் கார் தொடர்பாக 2020 ஜனவரியில் விமான நிலையத்தில் கைதானார், குற்றத்தை மறுத்தார். ஆனால் சொந்த ஊர் மேடையை மூடினால் ஒரு பாடகன் எங்கே போவான்? வெளியூருக்குத்தான்.

2020 பிப்ரவரி 7 அன்று இரண்டாம் தொகுப்பு வந்து பில்போர்டு என்ற அமெரிக்க இசை விற்பனைப் பட்டியலில் ஏழாம் இடத்தில் நுழைந்தது. சில நாள் கழித்து ஹாலிவுட் மலைப்பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில் தங்கியிருந்தார். அன்பளிப்பாக வந்த ஒரு பையின் படம் சமூக ஊடகத்தில் ஏறியது. பையில் ஒட்டியிருந்த சீட்டில் அந்த வீட்டின் முகவரி இருந்தது. மறுநாள் விடியுமுன் முகமூடிக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். நகையைக் கேட்டார்கள், அவர் எதிர்த்துப் போராடினார், சுட்டார்கள்.

அந்த ஜூலையில் ஐந்து பேர் கைதானார்கள், இருவர் சிறார்கள். சுட்டதாகச் சொல்லப்பட்டவனுக்குச் சம்பவத்தின்போது வயது 15. பறித்த வைரம் பதித்த ரோலக்ஸ் கடிகாரத்தை 2,000 டாலருக்கு விற்றார்கள் என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. புரூக்ளின் தெருப்பகை லாஸ் ஏஞ்சல்ஸ் வரை துரத்தி வந்தது என்று முதல் நாளே எழுதியவர்கள் உண்டு. வழக்கில் வெளிவந்தது முகவரியும் கடிகாரமும்தான். பாட்டில் அவர் யாரைத் திட்டினார் என்பதற்கு அந்த வீட்டில் வேலையே இல்லை. பாட்டு எழுதாத ஒரு கிரிக்கெட் வீரர் அந்தப் பையைப் படமெடுத்துப் போட்டிருந்தாலும் அந்தப் பையன்கள் வந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் கலைஞர்களை மேடையேற்றும் நண்பர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வெளியூரில் எடுத்த படத்தை அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள். பொருள்கள் கலைஞர் தங்கும் வீட்டுக்கு வர வேண்டாம். நிறுவன அலுவலகத்துக்கு வரட்டும். சீட்டைக் கிழித்த பிறகே பை அறைக்குள் போகட்டும். கலைஞர் கவனமாக இருந்து கூட வந்த நண்பர் வாசலைப் படமெடுத்தாலும் விளைவு ஒன்றுதான், ஆகவே விதி எல்லோருக்கும் பொது.

இறந்த பின் வந்தவற்றைப் பற்றிச் சுருக்கமாக. 2020 ஜூலை 3 அன்று 'ஷூட் ஃபார் த ஸ்டார்ஸ், எய்ம் ஃபார் த மூன்' வெளியானது. ராப் பாடகர் 50 சென்ட் முன்னின்று முடித்துக் கொடுத்தார். முதல் வாரத்தில் 2,51,000 பிரதிகளுக்கு இணையான விற்பனை, பட்டியலில் முதலிடம். அதே கோடையில் நியூயார்க் தெருக்களில் கறுப்பின மக்களின் போராட்ட ஊர்வலங்களில் 'டியோர்' ஒலித்தது. ஆடை, பெண்கள், பகட்டு பற்றிய பாட்டு அது. போராட்டத்துக்கும் அதன் வரிகளுக்கும் சம்பந்தமில்லை. ஊர்ப் பையனின் குரல் என்பதும், கூட்டத்தோடு குதிக்க வைக்கும் அந்த ஸ்னேரும் போதுமாக இருந்தன. 2021-இல் 'ஃபெய்த்' என்று இன்னொரு தொகுப்பு வந்து அதுவும் முதலிடம் பிடித்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. மிச்சமிருந்த குரல் துண்டுகளைச் சுற்றி விருந்தினர்களை அடுக்கியிருக்கிறார்கள். அவர் விட்டுவைத்த இடைவெளிகளையெல்லாம் யாரோ வந்து நிரப்புகிறார்கள்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் அந்த ஒன்பது பாட்டுத் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். கைபேசி ஒலிபெருக்கி வேண்டாம், ஒரு நல்ல ஹெட்ஃபோன் போதும். கையால் 16 எண்ணிக்கொண்டே கேளுங்கள். 13-இல் கை தானாக விழப் போகும்; பிடித்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.