தலைமடையும் கடைமடையும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

மாணவரிடம் சமூகத் திறனை வளர்ப்பது சமூக அறிவியல் வகுப்பா, விளையாட்டு மைதானமா? வகுப்புதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் கேட்டார்: "முதலாம் பானிபட் போர் 1526 என்று ஒப்பிக்கிற பையன், பஸ்ஸில் பெரியவருக்கு எழுந்து இடம் கொடுக்கிறானா?" நானும் கை தட்டினேன். அப்படி ஒப்பித்தவன்தான் நான். இடம் கொடுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவனும்கூட. ஆனால் அது ஒரு மதிப்பெண் வினாவின் குற்றம் ஐயா, பாடத்தின் தலையில் கட்டாதீர்கள்.

ஜெர்மனியைப் பாருங்கள். ஹிட்லர் காலத்தில் அங்கே உடற்பயிற்சிக்குக் கூடுதல் பாடவேளை கொடுத்தார்கள். மைதானம் நன்றாகத்தான் நடந்தது, எதிரணி குறித்துக்கொள்ளட்டும். கெட்டுப்போனது வகுப்பறை. பள்ளிக்கூடமே கட்சி மேடை ஆகிவிட்டது. அந்தச் சூடு மறக்காதவர்கள் 1976இல் ஸ்டுட்கார்ட் பக்கம் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கூடினார்கள். அரசியல் கல்வி வல்லுநர்கள், ஆளுக்கொரு கட்சிச் சாய்வு. அங்கே பிறந்த உடன்பாடுதான் இன்றும் அந்தப் பாட ஆசிரியர்களுக்கு அடிப்படை. தன் கருத்தை மாணவன்மேல் திணிக்கக் கூடாது. வெளியே சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். தன் நலன் எது என்று மாணவன் தானே எடைபோடப் பழக வேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1999 முதல் அங்கே பள்ளிகளில், நிஜத் தேர்தலை ஒட்டி, 'யூனியர்வால்' என்று மாதிரித் தேர்தல் நடக்கிறது. வாக்காளர் பட்டியல், சீட்டு, மறைவிடம், பெட்டி எல்லாம் உண்டு. பக்கத்து பெஞ்சுக்காரன் பெயரைப் பட்டியலில் தேடிச் சீட்டைக் கொடுத்துவிட்டு, எந்தக் கட்சிக்குக் குறியிடுகிறான் என்று எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பதினாலு வயதில் அது லேசான காரியமா? பெரியவர்களின் வாக்குப்பதிவு மாலை 6 மணிக்கு முடிந்த பிறகுதான் முடிவு வெளியாகும். அதுவரை வாயை வேறு கட்ட வேண்டும்!

"ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பைப் பெருக்குகிறார்களே, அது பாடமா?" என்று அடுத்து வருபவர் கேட்பார். துடைப்பம் பொறுப்பைக் கற்றுத் தரும், ஒப்புக்கொள்கிறேன். நம்மோடு உடன்படாதவனுடன் பேசக் கற்றுத் தருமா? சிங்கப்பூரில் சமூகப் பாடத்துக்காக மாணவர்கள் குழுவாக ஒரு பிரச்சினையை எடுத்து, நாலு பேரிடம் கேட்டு விசாரிக்கிறார்கள். அங்கே பேசித்தான் ஆக வேண்டும்.

என் கதை ஒன்று. எட்டாம் வகுப்பில் எங்கள் டீச்சர் ஒரு நாள் புத்தகத்தை மூடச் சொன்னார். வகுப்பைத் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை, கடைசியில் பாயும் கடைமடை என்று பிரித்தார். ஏரியில் தண்ணீர் குறைவு, பங்கு போடுங்கள் என்றார். நான் தலைமடை. "எங்களுக்கு மிஞ்சினால்தான் உங்களுக்கு" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பாதியில் டீச்சர், "சரி, இப்போது இடம் மாறுங்கள்" என்றார். கடைமடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். நான் கத்தியதையே எதிரே ஒருத்தி கத்த ஆரம்பித்தாள். எனக்கு வாயே எழவில்லை.

மணி அடித்துவிட்டீர்களா? சரி, உட்கார்கிறேன் ஐயா.