சீலியாக் டெஸ்டுக்கு முன்னால் சப்பாத்தியை நிறுத்தாதீர்கள்

(திரையில்: ஒரு லேப் ரிப்போர்ட், 'டிடிஜி ஐஜிஏ: நெகட்டிவ்')

வணக்கம். வயிறு உப்புசம், ஓயாத பேதி, இரும்பு மாத்திரை போட்டும் ஏறாத ஹீமோகுளோபின். சீலியாக்காக, அதாவது கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் கெடும் நோயாக, இருக்குமோ என்று யாரோ சொல்ல, சப்பாத்தி, பரோட்டா, ரவா உப்புமா எல்லாவற்றையும் மாதக்கணக்கில் ஒதுக்கிவிட்டு டெஸ்ட் எடுத்தால் நெகட்டிவ். அப்பாடா என்று பெருமூச்சு வேறு! அந்த நெகட்டிவை நம்பவே முடியாது.

இந்த நோய் இருப்பவர்கள் கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிடும்போது, டிஷ்யூ ட்ரான்ஸ்குளூட்டமினேஸ் (டிடிஜி) என்கிற தங்கள் சொந்த என்சைமுக்கே எதிராக உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கிறது. டெஸ்ட் தேடுவது அதைத்தான். குளூட்டனை நிறுத்தினால் ஆன்டிபாடி மெல்ல இறங்கி நார்மலுக்கே வந்துவிடலாம், நோய் மட்டும் அப்படியே இருக்கும். ஏற்கெனவே நிறுத்தியவர்கள் டாக்டரைக் கேட்டு, சில வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும். வெறும் வயிறு தேவையில்லை.

'இதெல்லாம் வடக்கத்தி வியாதி' என்பதில் பாதி உண்மை. 2016இல் வெளியான ஆய்வில் வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்குச் சீலியாக் ஆன்டிபாடி இருந்தது, தெற்கில் 0.10 பேருக்கு. மரபணுவில் பெரிய வித்தியாசமில்லை, தட்டில்தான்: தெற்கில் கோதுமை ரொம்பக் குறைவு. ராத்திரிக்குச் சப்பாத்தி என்றாகிவிட்ட சென்னையில் இந்தக் கணக்கு எத்தனை நாள் நிற்கும்?

(திரையில்: லேப் ஃபாரத்தில் 'டோட்டல் ஐஜிஏ' என்ற வரி)

பலரும் விட்டுவிடுவது இந்த வரியைத்தான். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வகையே சரியாக உற்பத்தியாகாது, அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எடுத்தால் நெகட்டிவ்தான் வரும். அதனால் டோட்டல் ஐஜிஏவும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். அது மிகக் குறைவாக இருந்தால் ஐஜிஜி என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்டுக்குப் போக வேண்டும்.

சரி, பாசிட்டிவ் வந்தால்? பெரியவர்களுக்குப் பெரும்பாலும் எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலின் மேல்பகுதியில் பயாப்சி, அதாவது சின்னத் திசு மாதிரி, எடுப்பார்கள். குழந்தைகளுக்கு டிடிஜி ஐஜிஏ அளவு நார்மல் வரம்பைப் போல 10 மடங்குக்கு மேல் இருந்து, தனியாக எடுத்த இன்னொரு ரத்த மாதிரியில் இஎம்ஏ என்ற இன்னொரு சீலியாக் ஆன்டிபாடி டெஸ்டும் பாசிட்டிவானால் பயாப்சி இல்லாமலே முடிவு செய்யலாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். எதுவானாலும் பயாப்சி முடியும்வரை சப்பாத்தி தொடரட்டும். சீலியாக் உறுதியாகி குளூட்டனை நிறுத்தச் சொன்னால், சாம்பாருக்குப் போடும் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பல பிராண்டுகளில் கோதுமை மாவு கலந்திருக்கும்.