ரெண்டு வாரம் கையில சென்சார், எதுக்கு?

வணக்கங்க, சேலத்துல இருந்து பேசறேன். எங்கப்பா செவ்வாப்பேட்டையில கொலுசுப் பட்டறை வேலை, சுகர் வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. காலைல வெறும் வயித்துல 110, டிபன் சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல 160, நம்பர் நல்லாத்தான இருக்குன்னு நாங்க நிம்மதியா இருந்தா மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டற HbA1c டெஸ்ட் 8.4 சதவீதம்னு அதிகமா வந்து நிக்குது. அப்போ மத்த நேரத்துல என்னதான் நடக்குது? அதைப் பாக்கத்தான் டாக்டர் 14 நாளைக்கு சிஜிஎம், அதாவது ராத்திரி பகலா சர்க்கரையை அளந்துட்டே இருக்கற சென்சார், போடச் சொன்னார்.

(திரையில: மேல்கையோட பின்பக்கம், காசு சைஸ்ல சென்சார்)

இது ரத்தத்தைப் பாக்கறதில்லைங்க, தோலுக்கு அடியில இருக்கற நீர்ல சர்க்கரைய அளக்குது, அதனால விரல் குத்தி பாக்கற நம்பரை விட அஞ்சு பத்து நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். சில சென்சார்ல நம்பர் நமக்குத் தெரியாது, டாக்டர்தான் எடுத்துப் பாப்பார், ஏன்னா பாத்தா நாம சாப்பாட்டை மாத்திருவோம். அப்பாவுக்குப் போட்டது போன்ல தெரியற வகை.

(திரையில: ஒரு நாள் கிராஃப்)

சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறுது பாருங்க, தட்டுவடை செட்டு, சர்க்கரை போட்ட டீ. ராத்திரி ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்ட அன்னிக்கு 260 தாண்டிருச்சு, ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவுதானங்க, மொத்தமும் ஸ்டார்ச். இதெல்லாம் காலைல மட்டும் டெஸ்ட் எடுத்தா எப்படித் தெரியும்? ஏற்காடு போன ஞாயித்துக்கிழமை மட்டும் மதியம் சாப்பிட்டு ஏரியைச் சுத்தி நடந்தார், அன்னிக்கு கோடு பெருசா ஏறவே இல்ல.

ஒரு நாள் ராத்திரி மூணு மணிக்கு 62னு காட்டுச்சு, வீடே பதறிப் போச்சு. விரல்ல குத்திப் பாத்தா 104. அந்தக் கையை அழுத்திப் படுத்திருக்கார், அப்படிப் படுத்தா சென்சார் பொய்யா கம்மி காட்டும். அதனால நம்பரைப் பாத்து நீங்களா மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யாதீங்க, தயவு செஞ்சு.

நிறையப் பேருக்கு டாக்டர்ங்க வைக்கற இலக்கு, நாள்ல 70 சதவீத நேரமாவது 70ல இருந்து 180க்குள்ள இருக்கணும். அப்பாவுக்கு பாதி கூட இல்ல. சாப்பிட்டது, மாத்திரை, தூக்கம் எல்லாம் நேரம் போட்டு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தோம், அது இல்லாம கிராஃப் வெறும் கோடுதாங்க.

டைப் 1, அதாவது உடம்புல இன்சுலின் சுரக்காத வகை சுகர் இருக்கற பிள்ளைங்களுக்கு ரெண்டு வாரக் கணக்கு பொருந்தாது, அவங்களுக்கு சென்சார் தொடர்ந்து இருக்கறதுதான் நல்லது. அப்பா சென்சாரைக் கழட்டியாச்சு, இப்போ குளுக்கோமீட்டர்லதான் பாக்கறோம், காலைல இல்ல, சாயங்காலம் ஏழு மணிக்கு.