92 வருடம் ஒளிந்திருந்த காரணியும் கன்னியாவின் ஏழு கிணறுகளும்

[திரையில்: 4294967297]

வணக்கம், திருகோணமலையிலிருந்து பேசுகிறேன். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இது முதன்மை எண்தான், அதாவது 1 ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றிப் பிரியும் எண்தான் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா நம்பினார். எண்களை அவ்வளவு ஆழமாகப் பார்த்த மனிதர்! அவர் நினைத்தது பிழை என்று தெரியவர 92 வருடம் பிடித்தது. அந்தப் பிழையை நாம் நீண்ட பிரித்தல் கணக்கே போடாமல், கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் நின்று பிடிக்கப் போகிறோம்.

முன்கதை சுருக்கமாக. 2 ஐ வர்க்கித்துக்கொண்டே போங்கள்: 2, 4, 16, 256, 65536. ஒவ்வொன்றுடனும் 1 கூட்டினால் வருகிற ஐந்துமே முதன்மை எண்கள். அடுத்ததும் அப்படித்தான் என்று 1640 இல் பெர்மா எழுதினார். அந்த அடுத்தது 2 இன் 32 ஆம் வலுவுடன் (1 ஐ 32 தடவை இரட்டிப்பாக்கினால் வருவதுடன்) 1, அதாவது திரையில் இருக்கும் எண். 1732 இல் கணிதவியலாளர் ஒயிலர் அதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

[காட்சி: கன்னியா கிணறுகள்]

சரி, இப்போது கன்னியாவுக்கு வாருங்கள். இராவணன் கதையோடு நாம் வளர்ந்த அதே ஏழு கிணறுகள். வாளியால் ஒவ்வொன்றிலும் அள்ளிக் குளிப்போமே, ஒன்றின் சூடு மற்றதில் இருக்காது. அவற்றுக்கு 0 முதல் 6 வரை இலக்கம் போடுங்கள். 6 முடிந்தால் மறுபடி 0. எந்த எண்ணையும் இப்படிச் சுற்றி எண்ணினால், வந்து நிற்கும் கிணறுதான் 7 ஆல் பிரிக்கும்போது வரும் மீதி.

1 இல் நின்று இரட்டிப்பாக்குங்கள். 2, 4, அப்புறம் 8. எட்டு என்றால் மறுபடி கிணறு 1! மூன்று இரட்டிப்புக்கு ஒரு முறை தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறோம். ஆகவே 30 இரட்டிப்பு முடிந்தாலும் கிணறு 1. இன்னும் இரண்டு, கிணறு 4. ஒன்று கூட்டினால் 5. பூச்சியத்தில் நிற்கவில்லை, ஆகவே நம் எண் 7 ஆல் பிரியாது. 429 கோடியை நாம் தொடவே இல்லை, பார்த்தீர்களா? பள்ளிக்கூடத்தில் மீதியைச் சொல்லித்தரும் முதல் நாளே பிள்ளைகளை இங்கே கூட்டிவர வேண்டும் என்பது என் ஆசை.

இனி 641 கிணறுகளைக் கற்பனை செய்யுங்கள். கடைசிக் கிணறு 640. அது பூச்சியத்துக்கு ஓரடி பின்னால், அதாவது −1. 640 என்பது 5 × 128, அதாவது 5 × 2 இன் 7 ஆம் வலு. இப்படி நான்கை ஒன்றோடொன்று பெருக்குங்கள். −1 நான்கு தடவை பெருகினால் 1. ஆகவே 625 × 2 இன் 28 ஆம் வலு, கிணறு 1 இல் நிற்கிறது.

இங்கேதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் மெய்சிலிர்க்கும். 641 என்பது 625 + 16. அப்படியானால் 625 ஆம் கிணறு பூச்சியத்துக்குப் பதினாறு அடி பின்னால், −16. அந்தப் பதினாறு, 2 இன் 4 ஆம் வலு! 28 உடன் 4 சேர்ந்து 32. ஆகவே 2 இன் 32 ஆம் வலுவுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால், அது நிற்பது கிணறு 1. குறியை மாற்றினால், 2 இன் 32 ஆம் வலு நிற்பது −1 இல். ஒன்று கூட்டுங்கள். பூச்சியம்!

65537 க்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு முதன்மை எண் இன்றுவரை கிடைக்கவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை: அந்த 65537, கன்னியாவில் எந்தக் கிணற்றில் நிற்கும்? இரட்டிப்பாக்கிப் பார்த்துவிட்டு, கீழே கருத்தில் எழுதுங்கள்.