பறக்கும் பருந்தை இனங்காணுதல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். வானில் வட்டமிடும் பறவையைக் கண்டதும் அதன் நிறம் என்ன என்றுதான் நாம் முதலில் பார்க்கிறோம். கொன்றுண்ணிப் பறவைகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே உங்கள் முன் நிற்கிறேன். வெளிச்சம் மிகுந்த வானத்தின் முன் எந்தப் பறவையும் கரிய நிழலுருவாகவே தெரியும். அதோடு, இளம்பறவையின் இறகுநிறம் முதிர்ந்த பறவையினுடையதிலிருந்து பெரிதும் வேறுபடும். செம்பருந்தின் இளம்பறவை, வெண்ணிறத் தலையோ செங்காவி உடலோ இன்றிப் பழுப்பாக இருப்பதால், கரும்பருந்து என்றே பலரும் அதைக் குறித்துக்கொள்கிறார்கள்.

அங்கே கைகொடுப்பது வால். கரும்பருந்தின் வால்நுனி நடுவே உள்வாங்கி, இரு ஓரங்களிலும் நீண்டிருக்கும். செம்பருந்தின் வால்நுனி உருண்டிருக்கும். ஆனால் கரும்பருந்து வாலை விசிறிபோல் விரிக்கும்போது அந்தப் பிளவு மறைந்து, நுனி ஏறக்குறைய நேர்கோடாகிவிடும் என்பதால், ஒரு நொடிப் பார்வையில் முடிவுகட்டாமல், அது ஒரு சுற்றாவது முழுமையாகச் சுற்றி வரும்வரை கண்ணை எடுக்காதிருங்கள். இறக்கையை அடிக்காமலே, வாலை மட்டும் இடப்புறமும் வலப்புறமும் மாறிமாறிச் சாய்த்து, சுக்கான் பிடிப்பதுபோல் அது திசை திருப்புவதைத் தொலைநோக்கியில் ஒருமுறை பார்த்துவிட்டால், வால்நுனி தெரியாத தொலைவிலும் அந்த அசைவே அதைக் காட்டிக்கொடுக்கும்.

வைரி என்னும் சிறிய கொன்றுண்ணிப் பறவையின் அசைவு முற்றிலும் வேறு. சில முறை விரைந்து சிறகடித்து, சற்று மிதந்து, மீண்டும் சிறகடிக்கும். மரங்களுக்கிடையே புகுந்து இரை பிடிப்பதற்கேற்ற குட்டையான, நுனி உருண்ட இறக்கைகளும் நீண்ட வாலும் அதற்கு உண்டு. திறந்தவெளியில் வேட்டையாடும் பொரி வல்லூறுக்கோ இறக்கைநுனி கூர்மையானது. இரைமீது பாயும்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். வட்டமிட்டு உயரும்போது இறக்கையை அகல விரிப்பதால், அதன் கூர்மைகூடக் குறைந்து தோன்றும். பூனைப்பருந்து இறக்கைகளைச் சற்று உயர்த்திப் பிடித்தபடி புல்வெளிக்கு மேல் தாழ்வாக மிதந்து செல்லும்.

அளவை வைத்து இனம் சொல்வதை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. வெற்று வானில் அளவு கண்ணை ஏமாற்றும். காகங்கள் விரட்டும் நேரம் மட்டும் விதிவிலக்கு: வைரி காகத்தைவிடச் சிறியது, கரும்பருந்து பெரியது.

பறவை மறைந்ததும் கையேட்டைத் திறக்காதீர்கள். படத்தைப் பார்த்துவிட்டால், கண்ட காட்சி அந்தப் படத்துக்கேற்ப மனத்தில் மாறிவிடும். முதலில் இறக்கைநுனியையும் வால்நுனியையும் இரண்டு கோடுகளிலாவது வரைந்துகொள்ளுங்கள். வரைய முடியாத அளவுக்கு வால் தெளிவாகத் தெரியவில்லை என்றால், ‘பருந்து, இனம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். என் குறிப்பேடுகளில் அத்தகைய வரிகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் பிற்பாடு ஊகத்தால் நான் திருத்தியதில்லை.