யானை விலையும் தீனிச் செலவும்

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே, வணக்கம்.

'அரசு மருத்துவமனைக்கு முதலில் வேண்டியது புதிய கருவியா, கருவிக்கு முன்னே கணக்கா?' என்பது தலைப்பு. கணக்குதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "உயிருக்கு விலை பேச வந்திருக்கிறார்கள், இவர்களுக்கு மனசாட்சி உண்டா?" என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், வசனம் நன்றாக இருந்ததே!

போன வருஷம் என் சித்தியை ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊர் பெயர் வேண்டாம். சர்க்கரை, கால் வீக்கம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய, ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதினார். லேப்பில் புத்தம்புது மெஷின். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம்கூட அழியவில்லை. அழிய வேண்டுமானால் யாராவது தொட வேண்டுமே! லேப் தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்: "மெஷின் நல்லா இருக்குக்கா, ரத்தத்தைச் சோதிக்க ஊத்துற ரசாயனம், அந்த ரீஏஜென்ட்தான் வரல. இதுக்கு அந்தக் கம்பெனி ரீஏஜென்ட்தான் போடணும், வேற ஊத்தினா எடுக்காது. எதிர் லேப்ல பாத்துட்டு வந்துருங்க." சித்தி சுருக்குப்பையை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த நோட்டை எடுத்தார். திரும்பிப் போக பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு அது.

மெஷின் வந்த அன்று பூஜை போட்டவர்கள், மாசாமாசம் ரீஏஜென்டுக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் அந்த நோட்டு பையிலேயே இருந்திருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பாட்டிகள் சொன்னது இதைத்தான். கருவி விலை சுண்டைக்காய். ரீஏஜென்ட், வருஷாந்திரப் பராமரிப்பு, ஏசி, யூபிஎஸ், இயக்கத் தெரிந்த ஆள், இதெல்லாம் சுமைகூலி. டெண்டரில் சுண்டைக்காயை மட்டும் எழுதினால் சுமைகூலியை என் சித்தி கொடுப்பார்.

இது ஒரு ஊர்க் கதை என்று ஒதுக்க முடியாது. 2015-ல் மத்திய அரசு மருத்துவக் கருவிப் பராமரிப்புக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. அதற்கு முன் மாநிலங்களில் எடுத்த கணக்கில், கருவிகளில் 13 முதல் 34 சதவீதம் வரை ஓடாமல் கிடந்தன. மோசமான மாநிலத்தில் மூன்றில் ஒன்று! யானையைக் கட்டத் தெரிந்தது, தீனி போடத் தெரியவில்லை.

அடுத்து ரோபோ. எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, "பணக்காரனுக்கு ரோபோ, ஏழைக்கு அரிவாளா?" என்று கேட்டார். சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022-ல் ஏறத்தாழ 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவை சிகிச்சை மையம் திறந்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரோபோவின் கையில் மாட்டும் கருவிகள் பல, இத்தனை ஆபரேஷனுக்கு மேல் ஓடாது என்று எண்ணிக்கை வைத்தே வருபவை. ஆகவே கேள்வி இரண்டு. சிறு துளை போட்டுச் செய்யும் சாதாரண லேப்ராஸ்கோப்பியில் செய்ததைவிட இதில் நோயாளிக்கு எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது? அந்தக் கூடுதலுக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவானது? இந்த ஒப்பீட்டுக்கென்றே இங்கிலாந்து 1999-லும் தாய்லாந்து 2007-லும் தனி அமைப்பு வைத்தன. நம் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையும் 2017-ல் ஒன்றைத் தொடங்கியது. நலமாக வாழும் ஓராண்டைக் கூட்டித் தர எந்த வழியில் என்ன செலவு என்று பார்ப்பார்கள். உயிருக்கு விலை பேசுவது இல்லை ஐயா இது. ஒரே பணத்தில் எத்தனை உயிர் என்று எண்ணுவது.

அதே 2022-ல் தமிழ்நாட்டில் இன்னொன்றும் நடந்தது. ரிப்பன் வெட்டப் பெரிய மெஷின் இல்லாததால் கவனித்தவர்கள் குறைவு. காசநோய் இறப்பில்லாத் திட்டம். காசநோய் என்று உறுதியானவுடன் ஐந்தே விஷயம் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஆபத்து என்று தெரிந்தால் உடனே முழுப் பரிசோதனை, தேவைப்பட்டால் வார்டில் சேர்க்கை. எடை பார்க்கும் மெஷின், உயரம் அளக்கும் கம்பி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு தாள். சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் வகுத்துக் கொடுத்த முறை இது. எந்த நோயாளி முதல் வாரங்களிலேயே இறந்துபோகிறார் என்று கணக்குப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும். கேட்லாக் புரட்டுகிறவர்களுக்கு வராது.

எதிரணித் தலைவர் சொன்ன ஒன்று மட்டும் என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்தது, ஒப்புக்கொள்கிறேன். "எச்ஐவி மருந்து கட்டுப்படியாகாது என்று ஒரு காலத்தில் உங்கள் கணக்குப்பிள்ளைகள்தானே சொன்னார்கள்?" என்றார். சொன்னார்கள். ஒரு நோயாளிக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன காலம் அது. 2001-ல் இந்தியாவின் சிப்லா அதை 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. 2004 ஏப்ரலில் தாம்பரம் சானடோரியத்தில் இலவசமாகவே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். தப்பு, இந்த விலைக்குக் கட்டாது என்று சொல்ல வேண்டியதை ஒருபோதும் கட்டாது என்று சொன்னதில். எந்த விலைக்கு இறங்கினால் வாங்கலாம் என்று தெரிந்தவன்தான் கம்பெனிக்காரனிடம் பேரம் பேசுவான். தெரியாதவன் அவன் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவான்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் மாவட்டத்துக்கு என்னென்ன கருவி வேண்டும் என்று நீண்ட பட்டியல் கொண்டுவந்திருக்கிறார், கையில் தெரிகிறது. ஒவ்வொரு கருவிக்கும் எதிரே, அதை இயக்கப்போகிறவர் யார், மூன்றாம் வருஷம் அதற்குத் தீனி பட்ஜெட்டின் எந்தத் தலைப்பில் இருந்து வரும் என்று எழுதிவிட்டு மைக்கைப் பிடிக்கட்டும். பேனா நான் தருகிறேன்.