பெரிய எஞ்சின் யாருக்கு வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். கார் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே இரண்டு கேள்விகள் வரும்: மைலேஜ் எவ்வளவு, பிக்கப் எப்படி? பிக்கப்புக்காக எவ்வளவு பெட்ரோலைக் கொட்டுகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சமதளத்தில் ஒரு சின்ன கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட 15 குதிரைத்திறனே போதும். 1983இல் வந்த மாருதி 800இன் எஞ்சின் 796 சிசி. முதலில் வந்த வண்டிகளில் 40 குதிரைத்திறன்கூட இல்லை. குடும்பங்களை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போனதும் அதே வண்டிதான். இன்று 150 குதிரைத்திறன் வண்டியை வாங்கி, அண்ணா சாலை நெரிசலில் முதல் கியரில் உருட்டிக்கொண்டிருக்கிறோம்.

பயன்படுத்தாத திறன் சும்மா கிடந்தால் என்ன என்று கேட்கலாம். அது சும்மா கிடப்பதில்லை. பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில் த்ராட்டில் என்றொரு தட்டு இருக்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அது கொஞ்சம்தான் திறக்கும். அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சவே எஞ்சின் பாடுபடும். எஞ்சின் பெரிதாக ஆக இந்த வீணும் கூடும், உராய்வும் கூடும், எடையும் கூடும். நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியாகும் நிலையில் இப்படி எரிப்பது எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, 1 லிட்டர் (1,000 சிசி) டர்போ எஞ்சின், அதாவது காற்றை அழுத்திக் கூடுதலாக உள்ளே தள்ளும் சின்ன எஞ்சின்? சுமார் 100 குதிரைத்திறன் தரும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிதானமாக மிதிப்பவருக்குத்தான் சிக்கனம். 80இலிருந்து 120க்குப் போனால் காற்றைத் தள்ள மட்டுமே மூன்று மடங்குக்கு மேல் திறன் வேண்டும். அதைக் கொடுப்பது பெட்ரோல்தான்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் சுமையோடு ஏறுபவருக்கு இழுவை உள்ள எஞ்சின் அவசியம். அவரிடம் நான் வாதாட மாட்டேன். வாரம் முழுக்க அலுவலகத்துக்கும் வீட்டுக்கும், வருஷத்தில் ஒரு முறை குலதெய்வம் கோயிலுக்கும் போகிறவருக்கு 1,200 சிசியே தாராளம். 2025 செப்டம்பரிலிருந்து, நான்கு மீட்டருக்குள் அடங்கும் அந்த அளவு பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டியும் 18 விழுக்காடுதான்; பெரியவற்றுக்கு 40.

ஷோரூமில் ஓட்டிப் பார்க்கும்போது தனியாகப் போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்களை ஏற்றி, ஏசியைப் போட்டு, அருகில் உள்ள மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். திணறாமல் ஏறினால் அந்த எஞ்சின் உங்களுக்குப் போதும்.